இரண்டு மணி நேரப் பேசர்

விளாங்குடி, மதுரை
வியாழக்கிழமை

சிரஞ்சீவி வெங்கடேஷ்பாபுவுக்கு, உன் அத்தான் சௌரிராஜன் முழங்காலைத் தவிர மற்ற எல்லா அங்கங்களிலும் நலமாக இருந்து எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் குழந்தைகளும் க்ஷேமம் என்று நம்புகிறேன். ஆனால் இந்த ஞாயிறுவரை நீ மட்டும் க்ஷேமமாக இல்லாமலிருந்தால் எனக்குப் பெரிய உபகாரம். போனில் சொன்னால் உன் அக்கா ஹம்சவேணி காதில் விழும். விழுந்தால் தமிழில் ஒரு தடவையும் சௌராஷ்டிரத்தில் ஒரு தடவையும் நான் திட்டு வாங்க வேண்டும். ஆகவே கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மாரத்தான். பாதி மாரத்தான்தான், இருபத்தொரு கிலோமீட்டர். நம் ஸ்ரீவர்ஷினி கல்யாணமாகிப் பெங்களூர் போகும்போது, "வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் சேந்து ஓடுவோம்ப்பா" என்று சொல்லி இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள். பெண் ஆசையாகக் கேட்டதை எப்படி மறுப்பது? வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடிப் பழகினேன். நன்றாகத்தான் போனது. ஒருநாள் தசையைத் தளர்த்துவதற்காக, அங்கே நின்றிருந்த ஷேர் ஆட்டோவின் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். ஆட்டோ கிளம்பிவிட்டது. மூச்சை விடும்போது தரையில் கிடந்தேன். டிரைவர் பேயாண்டி இறங்கி வந்து, "ஏண்ணே, வண்டி நல்லாத்தான ஸ்டார்ட் ஆகுது, நீங்க எதுக்குத் தள்ளுறீக?" என்று என்னையே கோபித்துக்கொண்டான். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போனது.

டாக்டர் ஓய்வு என்றார். ஓய்வெடுத்தேன். வீக்கம் வடிந்ததும் மெதுவாக ஓடிப் பார்க்கலாமென்று திண்டுக்கல் ரோட்டில் இறங்கினேன். இந்த ஊரில் ஒரு மனுஷன் நிம்மதியாக ஓட முடியாது மாப்ள. தலை நரைத்தவன் வேகமாகப் போனாலே, யாருக்கோ சீரியஸ் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நம் தெரு பேக்கரி அப்துல் லத்தீப் பாய் பன் மூட்டைகளோடு ஸ்கூட்டரை நிறுத்தி, "என்ன சார், ஆஸ்பத்திரிக்கா? ஏறுங்க" என்றார். "இல்ல பாய், சும்மாதான் ஓடுறேன்" என்றேன். "சும்மா யாராச்சும் ஓடுவாகளா? வீட்ல சண்டையா? மனசுல வச்சுப் புழுங்காதீங்க, ஏறுங்க மொதல்ல" என்றார். முழங்காலும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டது. ஏறினேன். வழியிலுள்ள டீக்கடைகளுக்கெல்லாம் பன் போட்டுக்கொண்டே கீழக்குயில்குடி வரைக்கும் போனோம். மலையடிவாரத்தில் ஒரு டீ குடித்தோம், அருமையான டீ. ஆனால் ஓட்டத்தை அளக்கிற செயலியை அணைக்க மறந்துபோச்சு. கடைக்குக் கடை நின்ற ஸ்கூட்டரின் வேகம், நல்லா ஓடுகிற மனுஷனின் வேகத்துக்கு வந்து நின்றிருக்கிறது. அந்தப் பாழாய்ப்போன செயலி, அதை எங்கள் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தானாக அனுப்பியும் தொலைத்தது.

குழுவின் தலைவர் விஜய்ஆனந்த் உடனே போன் போட்டார். "சார், அடிபட்ட கால வச்சுக்கிட்டு இம்புட்டு சீராவா! இந்த வருஷம் நீங்கதான் பேசர்." பேசர் என்றால் பேசுகிறவர் என்றுதானே மாப்ள அர்த்தம்? எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஓட வேண்டாம், மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மைக், பொன்னாடைகூடப் போடுவார்கள். 'உடல் நலமும் ஒழுக்கமும்' என்று ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். ஸ்ரீவர்ஷினியிடமும் பெருமையாக, "இந்த வருஷம் அப்பாதான் பேசர்மா" என்றேன். "அப்ப உங்க பின்னாலயே வாரேன்ப்பா" என்றாள். மேடைக்குப் பின்னால் எதற்கு வருகிறாள் என்று யோசித்தேன், கேட்கவில்லை. நேற்று ஒரு பை வந்தது. உள்ளே ஒரு கொடி, அதில் 'இரண்டு மணி நேரம்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. இம்புட்டு நேரம் என்ன பேசுவது என்று பதறி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சொற்பொழிவை நீட்டினேன். உன் அக்கா பாதியில் தூங்கிவிட்டாள்.

காலையில் விஜய்ஆனந்திடம், "தண்ணி வப்பீங்களா?" என்று கேட்டேன். "ரோடு பூரா தண்ணி இருக்கும் சார். பேசர்னா முன்னால ஓடி வேகம் காட்டுறவருதான, கொடியத் தூக்கிக்கிட்டு ரெண்டு மணி நேரத்துல ஓடி முடிக்கணும், அம்புட்டுத்தான். உங்க வேகத்த நம்பி ஒரு கூட்டமே பின்னால வரும்" என்கிறார். அடக் கடவுளே! பின்னால் வரும் கூட்டத்தில் என் பெண்ணும் இருக்கிறாள் மாப்ள. ஊரே சிரிக்கட்டும், போகிறது. ஆனால் அப்பா ஸ்கூட்டரில் ஓடினார் என்று அவளுக்குத் தெரிந்தால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்? அதனால் சனிக்கிழமை காலையில் நீ நெஞ்சு வலி என்று போன் பண்ணு. நான் அலறியடித்துக்கொண்டு கோயம்புத்தூர் வந்துவிடுகிறேன். உன் அக்காவிடம், உனக்கு உடம்பு சுகமில்லை என்று இப்போதே லேசாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. நீ நூறாண்டு, ஞாயிறு நீங்கலாக, நோய்நொடியின்றி வாழ ஆசீர்வதிக்கும்,
அத்தான் சௌரிராஜன்.

பி.கு.: நீ படுக்க வேண்டாம். ஸ்ரீவர்ஷினி இப்போதுதான் பேசினாள். "அப்பா, குழுவுல வந்த, நீங்க ஓடுன வழிய நானும் பாத்தேன். டீக்கடை டீக்கடையா நின்னு ஓடுறது லத்தீப் மாமா ஸ்கூட்டருதான்னு அன்னைக்கே தெரியும். விஜய்ஆனந்த் அண்ணன்கிட்டச் சொல்லி உங்களுக்கு, எல்லாருக்கும் பின்னால வர்றவுக தூக்குற கடைசிக் கொடிய மாத்தியாச்சு. நடந்தே வரலாம். நான் உங்ககூட வரத்தான பேரு குடுத்தேன், ஜெயிக்கவா குடுத்தேன்?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்ள. ஆக, எந்தப் பொய்யும் தேவையில்லை என்று நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தால், உன் அக்கா உனக்காக அழுதுகொண்டே கஷாயமும் கையுமாகப் பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கிறாள். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடிதத்தையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். இதை அவள் எதிரில் பிரித்துவிடாதே. பிரித்துவிட்டாயென்றால், கஷாயத்தைக் குடித்துவிடு.