மாமனார் பாட்டிலின் ஷேட்

மாமனாரின் விஸ்கி பாட்டிலில் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது. குறைத்தவர் மாப்பிள்ளை. குடித்துக் குறைத்தார் என்று சொன்னால் பாவம், படித்துக் குறைத்தார்.

அவர் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனாரின் பெயிண்ட் கடையில் கலர் கலக்குவது அவர் வேலை. ஒரு சட்டைத் துணியைக் காட்டினால் போதும், அதே நிறத்தை வாளியில் வரவழைத்துவிடுவார். அந்தக் கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. மலிவு விலை விஸ்கி மூன்றை வாங்கி மாடி அறையில் வைத்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கலந்து, முகர்ந்து, நாக்கில் உருட்டி ருசி பழகிக்கொண்டிருந்தார்.

ஆசையைக் கிளப்பிவிட்டது மாமனார்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் அலமாரியைத் திறந்து, பதினெட்டு வருஷச் சரக்கில் ஒரே ஒரு பெக் ஊற்றுவார். மூக்கை டம்ளருக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

"முதல்ல புகை... அப்புறம் தேன்... கடைசியில பழைய மரம். தெரியுதா மாப்ளே?"

டம்ளரை மட்டும் தரமாட்டார். எதிர் நாற்காலியிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். மாமியார் இதையெல்லாம் காதில் வாங்காமல் தட்டு அடுக்கிக்கொண்டிருப்பார்.

புகை எங்கே இருக்கிறது, தேன் எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளைக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் யாரும் இல்லாத சமயத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டார். அசந்துபோனார். எரிச்சலே இல்லை! அவருடைய கலவை தொண்டைக்குத் தீ வைத்துக்கொண்டுதான் உள்ளே போகும். இது பரம சாதுவாக இறங்கியது. பதினெட்டு வருஷம் பீப்பாயில் கிடந்தால் கோபமெல்லாம் அடங்கிவிடும்போல என்று நினைத்தார். அந்தச் சாதுத்தனத்தின் ரகசியம் தெரிய இன்னொரு ஸ்பூன் தேவைப்பட்டது. அதற்குப் பிறகும் தேவைப்பட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாமனார் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மாப்ளே, வர்ற ஞாயித்துக்கிழமை கடைச் சாவியை உங்க கையில குடுத்துடறேன். ஒரு பெக் போட்டுட்டு, நல்ல வாயால குடுக்கறேன். ஆனா என் பொருள்ல கை வைக்கிறவனுக்கு என் கடையில இடம் கிடையாது. பழைய மேனேஜர் எதுக்கு வெளிய போனார்? ஒரே ஒரு பிரஷ்!"

மாப்பிள்ளை அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மாடிக்குப் போய் மனைவியிடம் விஷயத்தை உடைத்தார்.

"அப்பா பாட்டில்லயா கை வச்சீங்க? வேற பாட்டிலே கிடைக்கலையா உங்களுக்கு?"

"கத்தாதே. ரெண்டு விரல்தானே, நிரப்பிட்டாப் போச்சு."

பாட்டிலை மாடிக்குக் கொண்டுவந்து தன் கலவையால் நிரப்பினார். சரக்கு வெளுத்துப்போனது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுவர் ஐவரியா கிரீமா என்று இந்தப் பக்கமிருந்தே சொல்லும் கண் மாமனாருடையது. அவரிடம் இது செல்லாது.

மூன்றில் அடர்த்தியான விஸ்கியிலிருந்து கொஞ்சம் விட்டார். கலர் ஏறியது, கூடவே டயர் எரிகிற வாடையும் ஏறியது. ஆனாலும் ஷேட் பொருந்தவில்லை. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எங்கயோ ஒரு துளி சிவப்பு ஒளிஞ்சிருந்துச்சு. என்கிட்ட இருக்கிற மூணுலயும் அந்தச் சிவப்பு இல்லையே!"

"கடையிலேர்ந்து கலர் ஏத்தற ஸ்டெய்னரைக் கொண்டுவந்து ஊத்திடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சீச்சீ. போய்க் கொஞ்சம் டீத்தண்ணி கொண்டா."

டீத்தண்ணீர் விட்டதும் கலர் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் பாட்டில் கழுத்துவரை நிறைந்துவிட்டது. அதிகமானதைக் கொட்ட மனசு வராமல் குடித்தார். தொண்டை எரிந்தது. எரிச்சல் அடங்கட்டும் என்று பாட்டிலுக்குள் தேன் விட்டார். சரக்கு மழைக்காலத்துக் குட்டை மாதிரி கலங்கிப்போனது.

"ரெண்டு விரல் குறைஞ்சிருக்குன்னு ஒத்துக்கிட்டிருந்தா திட்டோட போயிருக்கும்" என்றாள் மனைவி. "இப்ப முழு பாட்டிலும் போச்சு."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை வருஷம் வாளியைக் கலக்கியிருப்பார்! சாவி கைக்கு வருகிற நேரத்தில் இப்படியா? கலங்கியதையெல்லாம் தொட்டியில் கொட்டினார். நல்லவேளையாக, முதல் ஸ்பூன் எடுத்த அன்றே அசலில் ஒரு துளியை வெள்ளை அட்டையில் தடவிக் காயவைத்திருந்தார். தொழில் புத்தி. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாகக் கலக்க உட்கார்ந்தார்.

ஷேட் வந்தது. எரிச்சல்தான் போகவில்லை. தண்ணீர் விட்டால் கலர் வெளுக்கிறது, கலரைப் பிடித்தால் தொண்டை எரிகிறது. நாக்கா கண்ணா என்று யோசித்து, பெயிண்ட்காரராகவே முடிவெடுத்தார். கண்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார் பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பார்த்தார். கலரில் அவர் கண்ணுக்கு ஒன்றும் சிக்கவில்லை. ஊற்றினார். டம்ளருக்குள் மூக்கை விட்டவர் சட்டென்று வெளியே எடுத்தார். மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மனைவி அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

மாமனார் ஒரு வாய் குடித்தார். கண் விரிந்தது. காது சிவந்தது.

"ஆஹா!" என்று தொடையில் தட்டினார். "புகை! தேன்! மரம்! எல்லாம் இன்னிக்குத்தான்யா ஒண்ணாக் கூடி வந்திருக்கு!"

இன்னொரு பெக் ஊற்றிக்கொண்டார். வாழ்க்கையில் இரண்டாவது பெக் ஊற்றாதவர் மூன்றாவதும் ஊற்றினார். மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து, "நீ என் மாப்பிள்ளை இல்லடா, மகன்!" என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டு, நாற்காலியில் தாளம் போட்டு உரக்கப் பாட ஆரம்பித்தார்.

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பீப்பாயே இல்லாமல் பதினெட்டு வருஷச் சரக்கை மூன்றே பாட்டிலில் கலந்து எடுத்துவிட்டோமே என்று பெருமைகூட வந்தது. சாவியை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் மாமியார் வந்து அவரைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"மாப்பிள்ளை, டாக்டர் இவரைக் குடிக்கவே கூடாதுன்னு சொன்னதுலேர்ந்து ரெண்டு வருஷமா அந்தப் பாட்டில்ல நான் டீத்தண்ணியத்தான் ஊத்தி வைக்கிறேன், இன்னிக்கு அதுல விஸ்கிய ஊத்தினது யாரு?"