மஞ்சள் கோட்டுக்குக் கிழக்கே நீ என் அக்கா இல்லை

அன்புள்ள மிரென் அக்காவுக்கு,

நெகானே எழுதுவது. நான் நலம். இடுப்பெலும்பு ஒன்றைத் தவிர நீயும் நலம் என்று நம்புகிறேன். பதினான்காம் தேதி உனக்கு அறுவைச் சிகிச்சை முடிந்ததும் மூன்று வாரம் பாய்சியில் உன்னோடு இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். வர முடியாது. காரணம் என் மேசை.

எங்கள் வெங்காயக் கிடங்கின் நடுவே மாநில எல்லை போவது உனக்குத் தெரியும். தரையில் மஞ்சள் கோடு. மேற்கே ஓரிகன், கிழக்கே ஐடஹோ. மேற்கே நிற்பவர்களுக்கு அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை தந்தே ஆக வேண்டும் என்கிறது ஓரிகன் சட்டம். கிழக்கே ஐடஹோவும் ஒன்றும் சொல்வதில்லை, மத்திய அரசும் ஒன்றும் சொல்வதில்லை, மேலாளர் டோயல் மனசு வைத்தால் உண்டு. பதினோரு வருஷம் ஓரிகனில் கிடந்த என் மேசையை, கால் விறைக்கிறது, ஹீட்டர் பக்கம் போடுங்கள் என்று அக்டோபரில் நானேதான் கெஞ்சிக் கேட்டேன். டோயல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, தானே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். என்ன நல்ல மனுஷன் என்று ஆப்பிள் கேக் சுட்டுக் கொடுத்தேன். ஹீட்டர் இருப்பது ஐடஹோவில்.

திங்கட்கிழமை டோயலிடம் விடுப்புக் கேட்டேன்.

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

“எங்க அக்காவுக்கு.”

“அம்மான்னா பார்க்கலாம். வீட்டுக்காரர், பிள்ளைங்கன்னாலும் பார்க்கலாம். மத்திய சட்டத்துல அக்கா குடும்பத்துல வராதும்மா.”

“ஓரிகன் சட்டத்துல?”

“அதுல வரும். ஆனா நீங்கதான் ஐடஹோவுல உட்கார்ந்திருக்கீங்களே! அங்க தனியா சட்டம் ஏது? போனீங்கன்னா வேற ஆள் போட்டுடுவேன், தப்பா நினைக்காதீங்க.”

அந்தச் சட்ட அறிவிப்புகளை வருஷாவருஷம் சுவரில் ஒட்டுகிறவளே நான்தான். கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, படித்ததில்லை. அன்றைக்குத்தான் படித்தேன். கோட்டுக்கு மேற்கே நீ என் குடும்பம். ஹீட்டர் பக்கத்தில் நீ யாரோ. உண்மையைச் சொன்னால், அப்பா போனபின் நாம் பேசாமல் இருந்த இரண்டு வருஷமும் நானும் மத்திய அரசின் கட்சியில்தான் இருந்தேன். இப்போது கட்சி மாறிவிட்டேன், மேசை மாறவில்லை. வேலையை விடத் தைரியமும் இல்லை. கோவிச்சுக்காதே, ஒரு நர்ஸை ஏற்பாடு பண்ணிக்கொள்.

கன்னி மரியாள் உன் பக்கத்தில் இருக்கட்டும், நான் இல்லாத குறைக்கு. பூனைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
சட்டப்படி யாரோ ஒருத்தி,
நெகானே

பி.கு.: உறையை ஒட்டும்போது, கோட்டுக்கு மேற்கே வெங்காயம் தரம் பிரிக்கும் எல்பா வந்து எட்டிப் படித்துவிட்டாள். “அடிப் பைத்தியமே, கோட்டைத்தானே நகர்த்த முடியாது, மேசைய நகர்த்தலாம்ல?” என்றாள். சாப்பாட்டு இடைவேளை அந்தப் பக்கத்துக்காரிகளுக்குத்தானே சட்டப்படி உண்டு! ஆறு ஓரிகன்காரிகள் கணினி, காபிக் கோப்பையோடு மேசையைத் தூக்கிப் பழைய இடத்தில் போட்டார்கள். டோயல் ஓடி வந்தார். “இங்க குளிருமேம்மா.” “பரவால்ல சார், இங்க எனக்கு அக்கா இருக்கா.” திருப்பித் தூக்கச் சொல்ல வாயெடுத்தவர், ஆறு பேரும் வேலைக்குத் திரும்பாமல் மேசையைச் சுற்றி நிற்பதைப் பார்த்து வந்த வழியே திரும்பிப் போனார். ஓரிகனில் விடுப்புக்கு மேலாளரைக் கெஞ்ச வேண்டியதில்லை, என் விண்ணப்பம் நேராக மாநில அரசுக்கே போய்விட்டது. நர்ஸ் வேண்டாம். பதின்மூன்றாம் தேதி வருகிறேன். மூன்று வாரமும் நீ என்னை அதட்டினால் கேட்க எந்த மாநிலத்திலும் சட்டம் கிடையாது, தெரியும்.