ஜில்லண்ணாவின் கொதிக்கிற கார்

உலகத்தில் குளிர வைக்க முடியாத பொருள் எதுவுமே கிடையாது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஜில்லண்ணாதான். சித்தூரில் நான் கணக்கு எழுதிய மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் அவர் கோல்ட் ஸ்டோரேஜ் ஆபரேட்டர். பீப்பாய் பீப்பாயாகக் கூழைக் கெடாமல் காத்ததால் வந்த பெயர் அது. நகரி பக்கத்துத் தமிழர். கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு.

கம்ப்யூட்டர் படித்தவர்களை அமெரிக்கா வாரிக்கொண்டு போன காலத்தில் அவருடைய ஒரே மகன் முருகேசனும் போனான். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கார் வாங்கி, ஊருக்கு வந்த நண்பனிடம் கொடுத்தனுப்பினான். ரிமோட் கார்தான். ஆனால் பேட்டரி போட்டு ஓட்டுகிற பொம்மை இல்லை, நிஜப் பெட்ரோல் இன்ஜின். ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். மேலே பளபளவென்று சிவப்புக் கூடு. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தால் கரும்பு மெஷின் மாதிரி அலறும். எங்கள் தெரு நாய்கள் மொத்தமாக அடுத்த தெருவுக்குக் குடிபோயின.

ஒரே ஒரு குறை. நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இன்ஜின் கொதித்து நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு மகனிடமிருந்து போன் வரும். கார் ஓடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஜில்லண்ணா அமெரிக்காவுக்கு நேராகவே கேட்கும்படி கத்துவார்: "பிச்சிக்கினு போவுதுடா!" ரிசீவரை வைத்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

"மொத சம்பளம் தம்பி. அவனுக்குன்னு ஒரு சட்ட கூட எடுத்துக்கல. ஓடலன்னு எப்டி சொல்றது? புள்ள மனசு ஒடஞ்சி பூடும்."

ஆகவே வைத்தியம் ஆரம்பமானது.

"மனுசனுக்கு சூடு ஏறினா இன்னா பண்றோம்? சனிக்கெழம எண்ண தேச்சி முழுவறோம் இல்ல? இதுக்கும் அதான்" என்றார். அந்த இன்ஜினுக்குப் பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து ஊற்றவேண்டும். சனிக்கிழமைகளில் அவர் ஆயிலை ரெட்டிப்பாக்கினார். கிளம்பிய புகையில் தெருவே மறைந்தது. முனிசிபாலிட்டி கொசு மருந்து அடிக்கிறது என்று நினைத்த எதிர்வீட்டு அம்மா கதவு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கமும் கொஞ்சம் அடிச்சிட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட்டார்.

அடுத்து, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃபேனைக் கூட்டுக்குள் பொருத்தினார். அது உள்ளே இருந்த அனலையே எடுத்து இன்ஜின் மேல் வீசியது. கதவைச் சாத்திக்கொண்டு அடுப்புக்கு விசிறின கதைதான். அதற்கும் அடுத்து, காரைக் கொண்டுபோய் கோல்ட் ஸ்டோரேஜில் பீப்பாய்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். ரவுண்டு வந்த மேனேஜர் பார்த்துவிட்டார்.

"ஏமய்யா, இதி ஏ பேட்ச்?" இது எந்த பேட்ச் சரக்கு என்று கேட்கிறார்.

"எக்ஸ்போர்ட் ரிட்டர்ன் சார்" என்றார் ஜில்லண்ணா, கண் இமைக்காமல்.

பொறுக்கமாட்டாமல் நானே சொன்னேன்: "இன்ஜினை அந்தக் கூடு மூடிக்கொண்டிருக்கிறது அண்ணா. நாலு ஓட்டை போட்டால் காற்று போகுமே?"

"நோரு முய்யி!" என்று பாய்ந்தார். வாயை மூடு என்று அர்த்தம். "புள்ள பாத்துப் பாத்து எடுத்த செவப்பு. அதுல கத்தி வெக்கச் சொல்றியா?"

இப்படி இருக்கையில் முருகேசன் லீவில் வருவதாகப் போன் வந்தது. கார் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஜில்லண்ணாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டார். மகன் முன்னால் வண்டி நிற்காமல் ஓடினால் மொட்டை. அதையும் மகன் வருவதற்கு முன்பே போட்டுவிடக் கிளம்பினார்.

"வேண்டுதல் பலித்த பிறகுதானே அண்ணா முடி கொடுப்பார்கள்?"

"அவருக்கு ஆயிரம் வேல. அட்வான்ஸ் குட்த்தாதான் ஞாபகம் வெச்சிப்பாரு."

திருப்பதி பஸ்ஸில் கூடவே போனேன். சீப்பு முறிகிற அளவுக்கு அடர்த்தியான கிராப்பு அவருக்கு. ஊரே பொறாமைப்பட்ட அந்த முடியை மலைமேல் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு வெளியே வந்தவர் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி! காத்து!"

"என்ன காத்து?"

"மண்டைல அடிக்குதுபா! முடி இருக்க சொல்ல இது தெரிலயே. அழகுக்கு வெச்சினு இருந்ததுதான் சூட்ட புடிச்சி வெச்சிருக்குது!" என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என் முடிய சாமிக்கே குட்த்துட்டேன். செவப்பு இன்னா செவப்பு? வா, அதுக்கும் போட்டுடலாம் மொட்ட!"

நான் சொன்னபோது ஏறாத புத்தி, முடி இறங்கியதும் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஆக்ஸா பிளேடை எடுத்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு கோவிந்தா. கூரையும் கண்ணாடியும் போய், காரும் அவரும் அண்ணன் தம்பி மாதிரி ஆனார்கள். அறுத்து முடித்தபின்தான் அவருக்குப் பயம் வந்தது.

முருகேசன் வந்த ஏப்ரல் மாதத்தில் மாங்காய் இன்னும் வரத்தொடங்கவில்லை. ஃபாக்டரி முற்றம் காலியாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவன் காரைப் பார்த்தான். அறுத்த விளிம்பை விரலால் தடவினான்.

"நாந்தான்டா அறுத்தேன்" என்றார் ஜில்லண்ணா, தரையைப் பார்த்துக்கொண்டு. "போன்ல சொன்னதெல்லாம் பொய்யி. ஒரு நாள் கூட ஒழுங்கா ஓடல."

முருகேசன் மொட்டைக் காரையும் மொட்டை அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தான். கார் கிளம்பியது. காலி பீப்பாய்களைச் சுற்றியது, செக்யூரிட்டி காலுக்கிடையில் புகுந்தது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வட்டமடித்தது. நாங்கள் ஒரு டீ குடித்தோம். ஓடியது. இன்னொரு டீ குடித்தோம். அப்போதும் ஓடியது. நிழலுக்கு வரச்சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டும் ஜில்லண்ணா வரவில்லை. முற்றத்தின் நடுவில் கைகூப்பி நின்றார்.

திடீரென்று கார் நின்றது. அவர் முகம் செத்துவிட்டது. முருகேசன் ஓடிப்போய் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பெட்ரோல் காலி நைனா. வேற ஒண்ணியும் இல்ல."

சிரித்துக்கொண்டே வந்தவன் தன் தொப்பியைக் கழற்றி அப்பா தலையில் வைத்து அழுத்தினான். "வண்டி நல்லாத்தான் கீது. உன் மண்டதான் கொதிக்குது. நெழலுக்கு வா."

மகன் அமெரிக்கா திரும்பினான், மாங்காய் சீசன் வந்தது, ஜில்லண்ணாவுக்கு முடியும் வளர்ந்தது. அவர் மட்டும் அந்தத் தொப்பியைக் கழற்றவே இல்லை. கோல்ட் ஸ்டோரேஜுக்குள் ஏது வெயில் என்று அவரைக் கேட்க, எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிற எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.