மாதாவின் காலடியில் ரவுட்டர்

இந்த வருடத் தவக்காலத்துக்கு நான் எடுத்த தீர்மானத்தைக் கேட்டால் குருநகரே எழுந்து நிற்கும். எழுந்தும் நின்றது. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தவக்காலத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு எதையாவது விடுவார்கள். அதற்கு ஒறுத்தல் என்று பெயர். பெரும்பாலும் இறைச்சியை விடுவார்கள். குருநகரில் இறைச்சியை விடுவதற்கு என்ன வீரம் வேண்டும்? வாசலில் விளைமீன் துடித்துக்கொண்டு கிடக்கும்போது ஆட்டை யார் நினைக்கப் போகிறார்? இந்த யாகோப்பு அப்படிப்பட்ட சில்லறை ஒறுத்தல்காரன் அல்ல. நான் இன்ரநெற்றையே விடுவதாக அறிவித்தேன். எனக்கு மட்டுமல்ல, முழு வீட்டுக்கும்.

பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். அது திட்டம்.

எங்கள் வீட்டு இன்ரநெற் மாதம் முதலாம் திகதி ஓடும். பத்தாம் திகதி நடக்கும். பதினைந்தில் தவழும். இருபதில் படுத்துவிடும். ஃபைபர் கம்பி பிரதான வீதி வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கைக்குள் திரும்புவதற்குத்தான் அதற்கு வெட்கம். ஆகவே சிம் போட்ட ஒரு சின்ன ரவுட்டரைத் தந்திருக்கிறார்கள். மாதத்துக்கு இவ்வளவு டேற்றா என்று அளந்து ஊற்றுவார்கள். அந்த அளவு முடிந்தால் ஒரு படம் திறப்பதற்குள் நான் ஒரு போட் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் தொழில்.

பின்னேரமானால் ஒழுங்கை முழுவதும் இன்ரநெற் கொம்பனிக்குத் திட்டு விழும். ஒருவர் மதிலில் ஏறி நின்று போனை வானத்துக்குக் காட்டுவார். இன்னொருவர் கிணற்றடியில்தான் சிக்னல் நல்லது என்று அங்கேயே கதிரை போட்டுவிட்டார். கொம்பனிக்கு ஒழுங்கையின் சார்பில் போன் கோல் எடுப்பவன் நான்தான்.

"தங்கச்சி, இன்ரநெற் வேலை செய்யேல்லை."

"ஐயா, ரவுட்டரை நிப்பாட்டித் திரும்பப் போட்டுப் பாத்தனீங்களோ?"

"பிள்ளை, நான் அதை நிப்பாட்டேல்லை. அது தானாத்தான் நிண்டது."

"உங்கடை முறைப்பாட்டைப் பதிஞ்சிருக்கிறன், ஐயா."

என் முறைப்பாடுகளை அச்சிட்டால் பூசைப் புத்தகத்தை விடத் தடிப்பாக வரும்.

சரி, அளந்து ஊற்றுகிற டேற்றா எங்கே போகிறது? மகள் டிலக்ஷி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் மனைவி ஸ்ரெல்லாவும்தான். ஸ்ரெல்லாவுக்கு ரொறன்ரோவில் ஒரு தங்கச்சி, யசிந்தா. பின்னேரமானால் எங்கள் குசினியில் மிளகாய்த்தூள் போத்தலோடு போனைச் சாத்தி வைத்து வீடியோவைத் திறந்துவிடுவா. இங்கே இவ இறால் உடைப்பா. அங்கே அவள் பாணுக்குப் பட்டர் பூசுவாள். அரை மணித்தியாலம் ஒரு வார்த்தை இருக்காது. டேற்றா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

"ஒண்டும் கதைக்காட்டி ஏனப்பா திறந்து வைச்சிருக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவள் அங்கை தனியவெல்லே இருக்கிறாள். இப்பிடித் திறந்து கிடந்தால் நான் பக்கத்திலை நிக்கிற மாதிரி இருக்குதாம்."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சொல்வது? நிறுத்து என்று சொன்னால் நான் கல்நெஞ்சன். சொல்லாவிட்டால் என் மருமகனின் ஆட்டத்தைப் பார்க்க முடியாது.

மருமகன் என்றால் என் அக்காவின் மகன் ஜெரிசன். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல் காப்பாளன். கழகம் முதல்தடவையாகத் திருகோணமலைச் சுற்றுப்போட்டியில் இறுதியாட்டம் வரைக்கும் போகும் என்று ஊரே சொன்னது. இறுதியாட்டம் மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம். யூரியூப்பில் நேரடியாகப் போடுவார்கள். போன வருடம் அவன் காலிறுதியில் ஒரு பெனால்ரி உதையைப் பிடித்தபோது என் போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வட்டம் நின்றபோது பிள்ளைகள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னத்துக்குத் தூக்கினார்கள் என்பதை அடுத்த நாள்தான் அறிந்தேன். இந்த முறை அவன் பந்தைப் பிடிக்கிற அந்தக் கணத்தையே நான் பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஆகவே தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு, குரலைக் கனமாக்கிக்கொண்டு ஸ்ரெல்லாவுக்குச் சொன்னேன்.

"இந்தமுறை நாங்கள் இன்ரநெற்றை ஒறுப்பம்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். நான்கு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"நல்ல காரியமப்பா," என்றா. "தவக்காலம் முழுக்கவோ?"

"முழுக்க."

"போன் டேற்றாவும்?"

"அதுவும்தான். செய்யிறதெண்டால் முறையாச் செய்யோணும்."

கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவ இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தால் சந்தேகப்பட வேண்டும். நான் சந்தோசப்பட்டேன்.

ஸ்ரெல்லா நேரே போய் ரவுட்டரைக் கழற்றினா. துணியால் துடைத்தா. சுவரிலே மாதா சுருவம் வைத்திருக்கிற தட்டில், மாதாவின் காலடியில், கொண்டுபோய் வைத்துவிட்டா. பக்கத்தில் ஒரு மல்லிகைப் பூவும்.

"ஒப்புக்குடுத்தாச்சு," என்றா.

இது என் திட்டத்தில் இல்லை. ஆனால் யாகோப்பு கலங்குகிறவனா? மாதாவைச் சுற்றி வண்ண லைற் மாலை இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பிளக். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்ரெல்லா, ஆண்டவர் சிலுவை சுமந்ததை நினைத்துச் செபிக்கிற சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போவா. பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவும் கூடப் போவா. நான் முழங்கால் நோ என்று நின்றுவிட்டேன். அவர்கள் படலையைச் சாத்தியதும் ரவுட்டரைத் தட்டிலே இருந்தபடியே பிளக்கில் குத்தினேன். பச்சை லைற் மின்னியது. சிவப்பு, நீலம், மஞ்சள் மின்னுகிற இடத்தில் ஒரு பச்சை மின்னினால் யாருக்குத் தெரியும்?

ஆகா, என்ன வேகம்! போன கிழமை நடந்த ஆட்டங்களின் பதிவெல்லாம் தண்ணீராக ஓடியது. ஜெரிசன் பாய்கிறான், பிடிக்கிறான், எழும்புகிறான். எல்லாம் அந்தந்த நேரத்தில். மாதாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அடுத்த ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமி பிரசங்கம் வைத்தார். "எங்கள் பங்கில் ஒரு குடும்பத் தலைவர், இந்தக் காலத்தில் எவரும் விடத் துணியாத ஒன்றை விட்டிருக்கிறார்." கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்தேன். எவ்வளவு குனிந்தால் அடக்கமாகவும் இருக்கும், முகமும் தெரியும் என்பது எனக்குத் தெரியும். கதையைச் சுவாமிக்குச் சொன்னது ஸ்ரெல்லாதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்ல மனுசி என்று நினைத்தேன்.

அதன் பிறகுதான் தெரிந்தது, புகழ் ஒரு விலங்கு. கையில் பூட்டுகிற விலங்கைச் சொல்கிறேன். கடற்கரை மீன்வாடியில் நான் போய் நின்றால் பெடியள் போனை மறைக்கிறார்கள். முன்னெச்சரிக்கையாகக் கொஞ்சம் டேற்றா போட்டு வைப்போம் என்று சந்திக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சோமசேகரம் சைவக்காரர். அவராவது விட்டுவிடுவார் என்று பார்த்தேன்.

"அண்ணை, டேற்றாவோ?" அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்கடை விரதத்தை முறிச்ச பாவம் எனக்கு வேண்டாம். ஊரே உங்களைப் பற்றித்தானே கதைக்குது."

போகட்டும், ரவுட்டர் இருக்கிறது.

ஆனால் ஒரு விசயம் உறுத்தியது. ஒவ்வொரு வெள்ளியும் மிச்சக் கணக்கைப் பார்க்கும்போது, நான் விட்டுப்போன இடத்தில் அது இல்லை. பள்ளம் விழுந்திருந்தது. எங்கள் வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை. அப்படியென்றால் ஒரே கள்ளன்தான். கொம்பனிக்கு எடுத்தேன்.

"தங்கச்சி, நீங்கள் பாலிலை தண்ணி கலக்கிறியள்."

"ஐயா, கொம்பியூட்டரிலை வடிவாத் தெரியுது. உங்கடை பாவனைதான். வீட்டிலை வேறை ஆரும் பாவிக்கினமோ?"

"எங்கடை வீடு தவக்காலம், பிள்ளை!"

"முறைப்பாட்டைப் பதிஞ்சிருக்கிறன், ஐயா."

கழகம் இறுதியாட்டத்துக்குப் போனது. கடைசி ஞாயிறும் வந்தது. நாலு மணிக்கு ஆட்டம். ஸ்ரெல்லாவும் லூர்த்தம்மாவும் முற்றத்து வேப்பமர நிழலில் இருந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். கதை சுவாரசியமாகப் போனது. இனி எழும்ப மாட்டார்கள். நான் தலையிடி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பிளக்கைக் குத்தினேன். பச்சை லைற் வந்தது. போனைத் திறந்தேன். மைதானம் தெரிந்தது. கழகத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஜெரிசன் கையுறையை இழுத்து விட்டான். நான் போனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

வட்டம்.

சுற்றியது. சுற்றியது. மிச்சக் கணக்கைப் பார்த்தேன். பூச்சியம். மாதத்து டேற்றா முழுவதும் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது.

அந்த ஆத்திரத்தில் ஒரு மனிதனுக்கு அறிவு வேலை செய்யுமா? முற்றத்துக்குப் பாய்ந்தேன்.

"டேற்றா முடிஞ்சு போச்சு!"

கிழங்கு சீவிய இரண்டு கத்திகளும் நின்றன.

"என்ன முடிஞ்சது?" என்றா ஸ்ரெல்லா.

"ரவுட்டரிலை டேற்றா! ஒரு சொட்டு இல்லை!"

"இஞ்சேரப்பா, அது மாதாவின்ரை காலடியிலை கிடக்குது. முடிஞ்சது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? மாதாவோ?"

லூர்த்தம்மா வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டா. எனக்கு அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. ஆனால் பின்வாங்குவது என் பழக்கம் அல்ல.

"சரி, நான் கொஞ்சம் பாத்தனான்தான். ஒத்துக்கொள்ளுறன். மிச்சத்தை முடிச்சது ஆர்? அதைச் சொல்லு!"

"நான்தான்."

ஒளிக்கவில்லை, முழிக்கவில்லை. கிழங்கை எடுத்து மறுபடி சீவத் தொடங்கிவிட்டா.

"நீயோ? ஒறுத்தல் எண்டு ஒப்புக்குடுத்துப்போட்டு?"

"ஒறுத்தல் தவக்கால நாளுக்குத்தானே. ஞாயிறு தவக்காலக் கணக்கிலை வராது. விபூதிப் புதனிலை இருந்து பெரிய சனி வரைக்கும் எண்ணிப் பாருங்கோ. ஞாயிறுகளைக் கழிச்சால்தான் நாற்பது நாள் வரும். மறைக்கல்வி வகுப்பிலை சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். நீங்கள் ஞாயிறு காலமைப் பூசை முடிய வாடிக்குப் போய் மத்தியானம்தானே வாறனீங்கள். அவ்வளவு நேரமும் யசிந்தாவோடை கதைச்சனான். அவளுக்கு அது சனி இராத்திரி. அவள் நித்திரையானாப் பிறகும் நான் நிப்பாட்டேல்லை."

"நித்திரை கொள்ளுறவளைப் பாத்துக்கொண்டு இருந்தனியோ?"

"ஓம். கிழமையிலை ஒருநாள் எண்டால் முழுசாப் பாக்கத்தானே வேணும்."

அவவுக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது.

"நான் ஞாயிறிலை. நீங்கள் எந்தக் கிழமை பாத்தனீங்கள்?"

"அது... வெள்ளி."

லூர்த்தம்மா நெற்றியிலே சிலுவை போட்டுக்கொண்டா.

"வெள்ளி எந்நேரம்?"

நான் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தேன். "நீங்கள் ரெண்டுபேரும் சிலுவைப்பாதைக்குப் போற நேரம்."

"ஆண்டவரே," என்றா லூர்த்தம்மா. "அவர் சிலுவையோடை விழுந்தெழும்பிற நேரம் இவர் பந்து பாத்திருக்கிறார்."

ஸ்ரெல்லா கத்தியை வைத்துவிட்டு எழும்பினா. "உடுப்பை மாத்துங்கோ. இண்டைக்குச் சுவாமி நாலு மணியிலை இருந்து பாவசங்கீர்த்தனம் கேக்கிறார்."

"ஆட்டம் முடியட்டுமப்பா. ஆரும் ஒருத்தற்றை போனிலை எண்டாலும்..."

"ஆற்றை போனிலை? சுவாமி பிரசங்கத்திலை சொன்ன மனுசன் நீங்கள்."

போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஏழெட்டுக் கிழவிகள். அவர்களுக்கு இவ்வளவு பாவம் எங்கிருந்து வருகிறதோ தெரியாது, ஒவ்வொருவராக ஆறுதலாகச் சொன்னார்கள். என் முறை வந்து முழந்தாளில் நின்றபோது ஆட்டம் முடிகிற நேரம். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டத்தையும், பிளக்கையும், வெள்ளிக்கிழமையையும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஊர் முழுவதும் ஒரே சத்தம் எழும்பியது. வெடி வெடித்தது. யாரோ மோட்டார்சைக்கிள் ஹோனை விடாமல் அமத்தினான்.

"அதென்ன சத்தம்?" என்றார் சுவாமி, கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து.

"எங்கடை பெடியன் பந்தைப் பிடிச்சிருப்பான், சுவாமி. நான் பாக்கேல்லை."

அவர் அபராதத்தைச் சொன்னார். உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் எனக்கு இன்ரநெற் இல்லை, ஞாயிறும் சேர்த்து.

அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நீதி என்று ஒன்று இருக்கிறதல்லவா? குரலைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்.

"அப்ப ஸ்ரெல்லாவுக்கும் அதே அபராதம்தானே, சுவாமி?"

"அவவுக்கு ஏன்? ஞாயிறிலை பாவிக்கலாமோ எண்டு விபூதிப் புதன் அண்டைக்கே வந்து என்னட்டைக் கேட்டுப்போட்டுத்தானே அவ அந்த ரவுட்டரைத் திரும்பப் போட்டவ."