அந்த மீட்டரு யாருது?

ஆமா, காப்பி தான் அடிச்சேன். இப்ப இன்னான்ற?

கிளாஸ்ல அல்லாரு முன்னாடியும் "ரேவதி திருடி"ன்னு கத்துனியே தினகரு, இன்னாத்த திருடுனேன்னு சொன்னியா? நீ சொல்ல மாட்ட. நான் சொல்றேன். இந்தப் பக்கத்தப் படிக்கிறவங்க நாயம் சொல்லட்டும்.

மேட்டரு சிம்பிளு. எங்க கேரம் கிளப்புக்கு ஒரு வெப்சைட்டு செய்யணும். அவ்ளோ தான் வேல.

யானைக்கவுனில ஒரு சேட்டு ஸ்போர்ட்ஸ் கடை வச்சிகினு கீறாரு. புதுசா கம்ப்யூட்டரு வாங்குனதுலேர்ந்து அவருக்கு கடை மேல கண்ணே இல்ல, இன்டர்நெட்டு தான். "எந்த கிளப்பு சைட்ட நெறிய பேரு பாக்குறாங்களோ, அந்த கிளப்புக்கு ஒரு புது மேட்ச் போர்டு. ஞாயித்துக்கெயம சாயங்காலம் வாங்க, பாத்துக்கலாம்"னுட்டாரு.

போட்டில ரெண்டே கிளப்பு. விம்கோ நகர் எங்களுது. ராயபுரம் தினகரோடது. அவனும் நானும் ஒரே பாலிடெக்னிக்கு, ஒரே கம்ப்யூட்டர் கிளாசு.

எங்களுக்கு போர்டு இன்னாத்துக்குன்னா, மும்தாஜுக்கு. என் தோஸ்து. கிளப்புலயே ஆட்டத்துல அவ தான் பெரிய கை. அடுத்த மாசம் அவளுக்கு ஜில்லா மேட்ச்சு கீது. ஆனா எங்க போர்டு மழைல ஊறி, ஒரு பக்கமா எறங்கி, காய் அல்லாம் லெப்டுல சாயும். அதுக்கு தக்கன ரைட்டுல தள்ளி அடிச்சு அடிச்சே அவ கை பயகிடுச்சு. போன வருசம் மேட்ச்சுல நேரான போர்டப் பாத்தா. மொத ரவுண்டுலயே வூட்டுக்கு வந்துட்டா.

"இந்த வாட்டியும் தோத்தேன்னா, எங்க வாப்பா ஸ்ட்ரைக்கர புடுங்கி பரண்ல போட்ருவாருமே"ன்னு சொன்னா. அத்தக் கேட்டு நான் சும்மா குந்திகினு இருக்க முடியுமா?

மூணே நாள்ல சைட்டு ரெடி. கருப்பு பேக்ரவுண்டு, பச்ச எழுத்து, சுத்திகினே இருக்குற ஸ்ட்ரைக்கரு. கண்ணு வலிக்குதுன்னு நாலு பேரு சொன்னாங்க. நான் கண்டுக்கல.

ஒண்ணே ஒண்ணு தான் தெரில. சைட்டு அடில எத்தினி பேரு வந்தாங்கன்னு ஒரு பொட்டில நம்பர் ஓடுமே, அந்த மீட்டரு. அத்த எப்டி வைக்கிறதுன்னு சாரு நடத்தவே இல்ல. தினகரு சைட்டுல பாத்தேன், சோக்கா ஓடிகினு இருந்துச்சு. அந்தப் பக்கத்தோட HTML கோடத் தொறந்தேன். மீட்டரு கீற நாலு வரிய எடுத்தேன். எங்க சைட்டுல ஒட்டுனேன்.

இதான் நான் பண்ண திருட்டு. இத்த பண்ணாதவன் எவனாவது எங்க கிளாஸ்ல இருந்தா வாங்க, கால்ல வுயுறேன்.

ஒட்டிட்டு தொறந்தா, மொத தபாவே மூவாயிரத்து சொச்சம் காட்டுது.

எங்க கிளப்பு செகரட்டரி செல்வண்ணன், ஹார்பர்ல போர்க்லிப்ட் ஓட்றவரு, பின்னாடி நின்னு பாத்துகினு இருந்தாரு. "இன்னாம்மா, இப்ப தான வச்ச? அதுக்குள்ள மூவாயிரம் பேரா? உன் கைராசியே ராசி"ன்னாரு.

அங்கயே யோசிச்சிருக்கணும். யோசிக்கல. "ஆமாண்ணே, டிசைனு அப்டி"ன்னுட்டேன்.

ஞாயித்துக்கெயம காலைல கிளப்பே பிரவுசிங் சென்டர்ல குந்திடுச்சு. நாலு சிஸ்டம். F5 தட்டுனா பக்கம் மறுக்கா தொறக்கும், மீட்டர்ல ஒண்ணு ஏறும். சேட்டு நெறிய பேரு பாக்கணும்னாரு. ஒரே ஆளு நெறிய வாட்டி பாக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல.

கேரம் கணக்கா ஆளுக்கொரு சான்சு. செல்வண்ணன் கட்ட வெரலு ஒரே நேரத்துல மூணு கீயத் தட்டும். மும்தாஜ் தட்டவே இல்ல, சுண்டுனா. பயக்க தோஷம். நாலாவது சுண்டுல F5 பேத்துகினு பறந்து போய் செவுத்து மூலைல வுயுந்துச்சு.

"பாக்கெட்டு"ன்னாரு செல்வண்ணன்.

சென்டர்காரரு எந்திரிச்சு வந்தாரு. "இன்னாமா, இது கீபோர்டா கேரம் போர்டா?"

"மன்னிச்சுக்கங்கண்ணே, கொஞ்சம் ரைட்டுல தள்ளி சுண்டிட்டேன்"னா இவ.

அப்பால தான் ஒரு அதிசயம். ஒரு தட்டு தட்டுனா மீட்டரு மூணு, நாலுன்னு ஏறுது. "இன்னாமே இது?"ன்னா மும்தாஜ். "நெட்டு இன்னிக்கு ஸ்பீடா கீது"ன்னு பெரிய மேதாவி மாரி சொன்னேன். அதே நேரத்துல ராயபுரத்துல தினகரு ஆளுங்களும் ஒரு சென்டர்ல குந்திகினு தட்டிகினு இருந்தது எனக்கு இன்னா தெரியும்?

சாயங்காலம் சேட்டு கடை. ரெண்டு கிளப்பும் நிக்குது. புது போர்டு செவுத்துல சாஞ்சிகினு பளபளன்னு கீது. மும்தாஜ் அத்த வுட்டு கண்ண எடுக்கல.

சேட்டு எங்க சைட்டத் தொறந்தாரு. அஞ்சாயிரத்து எரநூத்தி பத்து.

ராயபுரத்தத் தொறந்தாரு. அஞ்சாயிரத்து எரநூத்தி பதினொண்ணு.

தினகரு கைய தூக்கிட்டான். "ஒரே ஒரு ஆளா? இன்னொரு வாட்டி பாருங்க சேட்டு"ன்னேன். எங்களுத தொறந்தாரு. பன்னெண்டு.

அவனுது, பதிமூணு. எங்களுது, பதினாலு.

சேட்டு பேரு தான் சேட்டு, பொறந்து வளந்தது யானைக்கவுனி. "இன்னா நைனா, டபாய்க்கிறீங்களா? எத்த கடசியா தொறக்குறேனோ அது தான் ஜெயிக்கிது. ரெண்டுக்கும் ஒரே மீட்டரா?"

அப்ப தான் தினகரு கத்துனான். "எங்க மீட்டர இவ திருடிட்டா சேட்டு."

நான் தலய குனிஞ்சிகினேன். மும்தாஜ் என்ன ஒரு பார்வ பாத்தா பாரு, அதுக்கு ரெண்டு அற குடுத்திருக்கலாம்.

"மீட்டரு எவனோடதோ, போர்டு அவனுக்கு. சனிக்கெயம வந்து ரூபிச்சுட்டு எடுத்துகினு போ"ன்னு சொல்ட்டு மானிட்டர ஆப் பண்ணிட்டாரு.

தினகரு, நீ அதோட வுட்டிருந்தா நானும் வாய மூடிகினு இருந்திருப்பேன். திங்கக்கெயம கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு திருடின்ன. அப்ப தான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுது. உன் சைட்டு வச்சே ஒரு வாரம் கூட ஆவல. நான் காப்பி அடிச்சப்பவே அதுல மூவாயிரம் எப்டி வந்துச்சு?

அந்த மீட்டர் மேல க்ளிக் பண்ணேன். பண்ணா, அது யாரு பேர்ல கீதோ அவங்க சைட்டு தொறக்கும். தொறந்துச்சு.

நாமக்கல்ல ஒரு கோழிப் பண்ணை.

ஞாயித்துக்கெயம பூரா ரெண்டு கிளப்பும் வெரலு வீங்க தட்டுனது கோழிக்கு. அந்தப் பண்ணைக்காரரு மீட்டரப் பாத்துட்டு, முட்டைக்கு இம்மாம் கிராக்கியான்னு குந்திகினு இருப்பாரு.

இப்ப கேக்குறேன். நான் உன்கிட்ட எடுத்தேன், ஒத்துக்குறேன். நீ யாருகிட்ட எடுத்த? கீழ, இந்த சைட்டுக்கு வர்றவங்க எழுதுற கெஸ்ட்புக் கீது. அதுல உன் பேரப் போட்டு, அல்லாரும் படிக்கிற மாரி எழுது. எழுதிட்டு, உங்க கிளப்புல கில்லாடி எவனோ அவன கூட்டிகினு வா. அதே புது போர்டுல மும்தாஜோட ஒரு ஆட்டம் ஆடட்டும், ஜெயிக்கிறவங்க எடுத்துகினு போவட்டும். வர்றியா, இல்லியா?

வெள்ளிக்கெயமக்குள்ள பதில் வரணும். இல்லாங்காட்டி சேட்டு ரூலுபடி நானே அந்த போர்ட நாமக்கல்லுக்கு பார்சல் போட்ருவேன். கோழி ஆடட்டும்.