நளினிக்குக் களைப்பாக இருக்கிறது

களைப்பே தெரியாத மனிதர்கள் சிலர் உலகத்தில் இருக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? அவர்களுக்குப் பசிக்காது, தாகம் எடுக்காது, குளிராது. பயம் என்பது எந்தக் கடையில் விற்கும் சரக்கு என்றே தெரியாது. இவையெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரும். விருந்துக்குப் போன இடத்தில் தூக்கம் கண்ணைச் சுழற்றினால் "அவளுக்குக் காலையில டூட்டி" என்று எழுந்துகொள்வார்கள். ஏ.சி. குளிர் தாங்காவிட்டால் "உங்களுக்குக் குளிருது போல" என்று நம் முகத்தைப் பரிவோடு பார்த்தபடி ரிமோட்டை எடுப்பார்கள். இன்னொரு ஜிலேபி வேண்டுமென்றால் "பையன் கேட்கிறான்" என்பார்கள். பையன் சோபாவில் தூங்கிக்கொண்டிருப்பான்.

பொய்யர்களா என்றால், இல்லை. பொய் சொல்பவனுக்கு உண்மை தெரிந்திருக்கும். இவர்களுக்குத் தெரியாது.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரோடு நான் மூன்று நாள் மலையேறியிருக்கிறேன். பெயர் சேதுமாதவன். துபாயில் ஏ.சி. குழாய் போடும் கம்பெனி ஒன்றில் எஸ்டிமேஷன் மேனேஜர், ஷார்ஜாவில் எங்களுக்கு மேல் மாடி. மனைவி நளினி இந்தியப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். 2007 டிசம்பரில் தேசிய தின விடுமுறை வெள்ளி, சனியோடு ஒட்டிக்கொண்டு நான்கு நாளாக வந்தது. ஓமான் எல்லையைத் தாண்டி, உள்நாட்டில் ஒரு மலைப் பூங்காவில், வழிகாட்டியோடு மூன்று நாள் நடை என்று ஏற்பாடு. "நளினி ஆசைப்படறா" என்று சேதுமாதவன் கட்டடம் முழுக்கச் சொன்னார். அந்த ஒரு தடவைதான் அது உண்மை. பள்ளி ஸ்டாஃப் ரூமில் தொங்கிய காலண்டர் ஒன்றில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த பாழடைந்த கல் கிராமத்தை நளினி பார்த்திருந்தார். அந்த இடத்துக்குப் போகவேண்டும் என்பதற்காக நான்கு மாதம் தினமும் மாலையில் காலித் லகூன் ஏரியைச் சுற்றி நடந்தார். தனியாக.

எங்களோடு வந்த இன்னொருவர் நெய்னா முகம்மது. கீழக்கரைக்காரர், துபாய் தேராவில் அத்தர் கடை, அறுபதை நெருங்குகிறவர். வழிகாட்டி கல்ஃபான் என்ற ஓமானி. எங்களோடு இந்தியில் பேசினார். கூடாரத்தையும் தண்ணீரையும் ஒரு கழுதை சுமந்தது. ஆக ஆறு பேர்.

முதல் நாள் ஏற்றம். வாதி என்கிற வறண்ட ஆற்றுப் பள்ளத்தின் உருண்டைக் கற்களைத் தாண்டிப் பாதை மேலே திரும்பிய இருபதாவது நிமிடம் சேதுமாதவன் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. நளினிக்குக் களைப்பா இருக்கு."

எல்லோரும் நளினியைப் பார்த்தோம். அவர் சீராக மூச்சு விட்டுக்கொண்டு ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேதுமாதவன் பாறையில் உட்கார்ந்து, சட்டையால் முகத்தைத் துடைத்து, ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அடுத்த முறை நளினியின் ஷூ லேஸுக்காக நின்றோம். அது அவிழ்ந்திருக்கவில்லை, ஆனால் அவிழலாம். அதற்கடுத்தது நெய்னா பாயின் வயதுக்காக.

"பாவம், பெரியவர். கொஞ்சம் உட்காரட்டும்."

"நான் நல்லாத்தான் இருக்கேன் சார்" என்றார் நெய்னா முகம்மது, பேரீச்சங்கொட்டையைத் துப்பியபடி.

"அப்படித்தான் சொல்வீங்க. உக்காருங்க" என்று சேதுமாதவன் உட்கார்ந்தார். மதியத்துக்குப் பிறகு மனிதர்கள் தீர்ந்துபோய், கழுதைக்காக இரண்டு முறை நின்றோம். அது ஓய்வைப் பயன்படுத்தி என் தொப்பியின் ஓரத்தைத் தின்றது.

நளினி ஒரு வார்த்தைகூட மறுத்துச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவர் பெயரால் எத்தனை கல்யாணங்களிலிருந்து பாதியில் வந்திருக்கிறார்கள், எத்தனை சினிமாக்களுக்குப் போகாமல் இருந்திருக்கிறார்கள் என்பது கணக்கு டீச்சருக்கே தெரியாது.

இரண்டாம் நாள் காலை பாறை விளிம்புக்கு வந்தோம். மலையின் இடுப்பில் அரைஞாண் கயிறு போல ஒரு பாதை. கழுதை போகிற அகலம் இருந்தது, கழுதையும் மனிதரும் சேர்ந்து போகிற அகலம் இல்லை. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. கால் மணி நேரம் நடந்தால் அந்தக் கிராமம். தூரத்தில் அதன் சுவர்கள் தெரிந்தன. நளினி முகத்தில் அப்போதுதான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

சேதுமாதவன் பாதையைப் பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு நளினியை மிகுந்த அன்போடு பார்த்தார்.

"கல்ஃபான் பாய், மேடத்துக்கு உயரம் ஆகாது. தலை சுத்தும். நாங்க திரும்பிடறோம்."

"ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும்" என்றார் கல்ஃபான். "வழிகாட்டி நான் ஒருவன்தான். பூங்கா விதி." அவர் இன்னொரு முறை கேட்கவில்லை, பெண்ணுக்கு முடியவில்லை என்றால் பேச்சு அவ்வளவுதான். கழுதையின் கயிற்றைப் பிடித்துத் திருப்பத் தொடங்கினார். நெய்னா முகம்மது தரையைப் பார்த்தார். நான் மனதுக்குள் "பாவம், நளினி" என்று சொல்லிக்கொண்டேன். என் முழங்கால்களும் அவருக்காகத்தான் நடுங்கியிருக்க வேண்டும்.

"எனக்கு உயரம் ஒண்ணும் செய்யாது" என்றார் நளினி, கல்ஃபானுக்குப் புரிகிற இந்தியில். "நான் வர்றேன்."

கழுதை நின்றது.

"என்னங்க," என்று கணவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார், வகுப்பில் இரண்டாம் முறை விளக்குகிற குரலில். "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. திரும்பிப் போயிடலாம். என் பேரைச் சொல்லாதீங்க."

"பயமா? எனக்கா?"

அப்படிக் கேட்ட பிறகு ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? நடந்தார். முன்னால் கல்ஃபான், அடுத்து நெய்னா பாய், நளினி, சேதுமாதவன், கழுதை, கடைசியில் நான்.

பாதி வழியில் அவர் கால் பட்டு ஒரு கல் உருண்டது. அது விழுகிற சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து வந்தது. சேதுமாதவன் மெதுவாக, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, உட்கார்ந்துவிட்டார்.

கழுதை அவர் காதில் மூச்சு விட்டது. அதற்குத் திரும்ப இடமில்லை. அது திரும்பாமல் எனக்கும் வழியில்லை. தண்ணீரெல்லாம் அதன் முதுகில். வெயில் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாய்... நெய்னா பாய்க்கு முடியல" என்றார் சேதுமாதவன். உதடு வெளுத்திருந்தது.

"எனக்கு முடியுது சார்" என்றது முன்னாலிருந்து ஒரு குரல், வருத்தத்தோடு.

"கழுதை மிரளுது."

கழுதை கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

நளினி திரும்பி, அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. "சொல்லுங்க" என்றார்.

அவர் பாதையின் விளிம்பைப் பார்த்தார். கை இரண்டும் பாறையைப் பிடித்திருந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கழுதையின் வால் என் மீதித் தொப்பியை இரண்டு முறை தட்டியது.

"பயமா இருக்கு."

"யாருக்கு?"

"எனக்கு."

அந்த வார்த்தை கேள்விக்குறி இல்லாமல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நளினி கையை நீட்டினார். "என் குதிகாலை மட்டும் பாருங்க. வேற எதையும் பார்க்க வேண்டாம்." கால் மணி நேரப் பாதையை முக்கால் மணி நேரத்தில் கடந்தோம். கல்ஃபான் ஒருமுறைகூட 'யல்லா' என்று அவசரப்படுத்தவில்லை.

கிராமத்தில் நளினி ஒரு வாசல்படியில் உட்கார்ந்து, எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு, ஆரஞ்சு ஒன்றைச் சுளை சுளையாகச் சாப்பிட்டார். சேதுமாதவன் சுவரோரம் நின்றார்.

"நாலு மாசம் நடந்தது இதுக்கா?"

"ஆமா."

"ஒரு நாள்கூட நான் கூட வரல."

"எப்படி வருவீங்க? எனக்கு முட்டி வலின்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தீங்களே."

அவர் யோசித்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நளினி இரண்டு சுளை கொடுத்தார். மூன்றாம் நாள் மறுபக்கம் வழியாக இறங்கினோம். விளிம்பு இல்லாத பாதை. அவர் நான்கு முறை நின்றார். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து, மூடி, எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தார். அதுவே பெரிய முன்னேற்றம்.

திருந்திவிட்டாரா என்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்து எங்கள் வீட்டில் தேநீர் குடிக்கும்போது விருந்தாளிகளுக்கு அந்தப் பயணத்தை விவரித்தார். "பாதி வழியில நெய்னா பாய் உக்காந்துட்டார், பாவம்..."

நளினி டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு?"

சேதுமாதவன் ஒரு பிஸ்கட்டை எடுத்து, நனைத்து, முழுக்கத் தின்று முடித்தார்.

"நான்தான்" என்றார். "கொஞ்ச நேரம்தான்."

கதை அவ்வளவுதான். வாசித்து முடித்த கையோடு உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார்: அலுவலகத்திலோ, பக்கத்து ஃபிளாட்டிலோ, உங்கள் வீட்டுக்குள்ளேயோ. இதை அவரிடம் காட்ட வேண்டும், அவருக்கு ரொம்ப உபயோகமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்காக இல்லை, அவருக்காகத்தான். அப்படித்தானே?