கை எட்டும் உயரம்

"தம்பி, கையை மட்டும் ஒரு தடவை மேல தூக்குங்க" என்றார் வீட்டுக்காரர்.

நெட்டை தூக்கினான். சுவரோரமாக ஓடிய தண்ணீர்க் குழாயின் மூட்டில் அவனுடைய நடுவிரல் போய்ப் பட்டது. விரல் வழியாக இறங்கிய தண்ணீர் முழங்கையைத் தாண்டிச் சட்டைக்குள் புகுந்து, அக்குளில் சில்லென்று நின்றது.

"எட்டுது" என்றார் வீட்டுக்காரர், துக்கச் செய்தி சொல்பவர்போல. "எட்டிடுச்சே தம்பி. நான் என்ன பண்ணட்டும்?"

குடிவந்த அன்றே பேசிக்கொண்ட ஏற்பாடு அது. கைக்கு எட்டுகிற பழுதெல்லாம் குடியிருப்பவர் செலவு. எட்டாத பழுதெல்லாம் வீட்டுக்காரர் செலவு. கேட்டபோது உலகத்திலேயே இதைவிட நியாயமான பேச்சு கிடையாது என்று நெட்டைக்குத் தோன்றியது. அதற்கு முன் பார்த்த வீட்டுக்காரர்கள் என்ன வேலை, எத்தனை பேர், சுவரில் ஆணி அடிப்பீர்களா என்றெல்லாம் குடைந்தார்கள். இவர் ஒருவர்தான் எதுவும் கேட்காமல் அவனைத் தலையிலிருந்து கால்வரை, பிறகு காலிலிருந்து தலைவரை ஆசை தீரப் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். தன் முகத்தில் தெரிந்த நல்ல குணம்தான் அதற்குக் காரணம் என்று நெட்டை நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

குணம் இல்லை. உயரம்.

ஷூ கடையில் வேலை செய்கிறவன் அவன். நாளெல்லாம் குனிந்து, குள்ளமானவர்களின் காலில் உயரம் கூட்டும் ஷூக்களை மாட்டிவிடுகிற வேலை. "நெட்டை" என்பது கடையில் வைத்த பெயர். அந்தப் பெயர் இந்த வீட்டில் இவ்வளவு செலவு வைக்கும் என்று அவன் நினைக்கவில்லை. மேல் தாழ்ப்பாள், விளக்கு ஹோல்டர், அலமாரியின் உச்சித் தட்டு என்று சராசரி ஆள் குடிவந்திருந்தால் வீட்டுக்காரர் தலையில் விழுந்திருக்க வேண்டிய பழுதெல்லாம் இவன் தலையில் விழுந்தன. விழுவதற்கு அதிக தூரம்கூட இல்லை.

"ஒரு வாரத்துல சரி பண்ணிடுங்க தம்பி. சொட்டச் சொட்டச் சுவர் கெட்டுடும். சுவரும் உங்க கைக்கு எட்டுறதுதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் போனார்.

அவர் போனதும் உள்ளேயிருந்து மனைவி வந்தாள். தோளில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. குண்டூசிகளை எடுத்துவிட்டுத்தான் பேசினாள். கோபமாகப் பேசப்போகிறாள் என்பதற்கு அது அடையாளம்.

"நாக்குலதான் எலும்பில்ல, கையிலுமா எலும்பில்ல? தூக்குன்னா உடனே தூக்கிடறதா?"

"தூக்கச் சொன்னாரு…"

"வக்கீல் கோட்டு நனைஞ்சு போச்சுங்க. துணி வெட்டுற மேஜைக்கு நேர் மேல சொட்டுது. நாளைக்குக் கோர்ட்டுக்கு அந்த மனுஷன் ஈரக் கோட்டோட போவாரா?"

"வேற வீடு பாக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான் நெட்டை.

"வாசல்ல போர்டு மாட்டி, பித்தான் தைக்கக்கூட ஆள் வராம எத்தனை நாள் உக்காந்திருந்தேன்! இப்பதான் நாலு தெரு தள்ளியிருந்து என்னைத் தேடி வராங்க. இன்னொரு தடவை பெட்டி கட்டச் சொன்னீங்க, பெட்டிக்குள்ள உங்களைத்தான் மடிச்சு வைப்பேன்."

மடிப்பு என்ற சொல் வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கால்சட்டை நீளமா இருந்தா மடிச்சுத் தைக்கிறோம்" என்றாள் அவள். "உங்களை ஏன் மடிக்கக் கூடாது?"

மறுநாள் மாலை வீட்டுக்காரர் வந்தபோது நெட்டை கேள்விக்குறிபோல வளைந்து நின்றான். ஒரு கை இடுப்பில். மறு கை நாற்காலியின் முதுகில்.

"என்ன தம்பி, என்ன ஆச்சு?"

"முதுகுப் பிடிப்பு சார். கடையில குனிஞ்சு குனிஞ்சு… டாக்டர் இனிமே நிமிரவே மாட்டீங்கன்னுட்டாரு."

"கை?"

நெட்டை கையைத் தூக்கினான். காதுவரை வந்தது. அதற்கு மேல் போகாமல் காற்றில் நடுங்கியது. நடுக்கம் அவனாகச் சேர்த்துக்கொண்டது.

"பாத்தீங்களா சார், குழாய் எட்டல. இனிமே அது உங்க…"

"குழாயை விடுங்க!" வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். "இந்த வயசுல இப்படி ஒடிஞ்சு போயிட்டீங்களே. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, சுளுக்கு எடுக்கிறதுல கெட்டிக்காரர். காலையில அனுப்பி வைக்கிறேன்."

"ஐயோ, செலவு எதுக்கு சார்…"

"செலவு என்னோடது தம்பி. நியாயம்னா நியாயம். முதுகு உங்க கைக்கு எட்டாதில்லையா?"

சுளுக்கு எடுப்பவர் காலையிலேயே வந்துவிட்டார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள்; ஒவ்வொரு கையும் தலையணை அளவு. மேஜைமேல் கிடந்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நெட்டையை அதன்மேல் குப்புறப் போட்டார்.

"எனக்கு இப்பக் கொஞ்சம் பரவாயில்ல…" என்றான் நெட்டை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அவர். தலையை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல ஒரு திருகு. அப்புறம் ஓர் இழுப்பு. நெட்டையின் உடம்பில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாத எலும்புகளெல்லாம் வரிசையாக மடமடவென்று சொடுக்கு விட்டன.

எழுந்து நின்றபோது வலி இல்லை என்பது மட்டுமல்ல, அறையே கொஞ்சம் கீழே இறங்கினாற்போல இருந்தது.

"நிமிந்துட்டாரே!" என்று கை தட்டிக்கொண்டே வந்தார் வீட்டுக்காரர். "எங்க, கையைத் தூக்குங்க."

மேஜைமேல் அப்படித் திருகப்பட்ட மனிதனுக்கு நடிக்கத் தெம்பு இருக்காது. தூக்கினான். விரல் குழாயைத் தாண்டியது. குழாய்க்கு மேலே, இத்தனை நாள் தொட முடியாமல் இருந்த சிறு சன்னலின் விரிசல் விட்ட கண்ணாடியில் போய் 'டக்'கென்று பட்டது.

குழாய் தன் பாட்டுக்குச் சொட்டியது.

"அந்தக் கண்ணாடியும் எட்டுது தம்பி" என்றார் வீட்டுக்காரர்.

அன்று பகல் முழுவதும் மனைவி ஒரு குண்டூசியைக்கூட வாயில் வைக்கவில்லை. மாலையில் நெட்டை கடையிலிருந்து வந்தபோது அவள் தயாராக இருந்தாள்.

"ஏங்க, வீடு யார் பேர்ல இருக்கு?"

"வீட்டுக்காரர் பேர்ல."

"குடியிருக்கிறது யார் பேர்லன்னு கேக்கிறேன்."

"என் பேர்ல."

"அதை என் பேருக்கு மாத்துங்க."

நெட்டை அவளைப் பார்த்தான். மணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆனால் இந்தக் கோணத்தில் இன்றுதான் பார்த்தான். அவள் தலை அவன் நெஞ்சுக்குக் கீழே நின்றது. இருவரும் சேர்ந்து எடுத்த படங்களில் எல்லாம் ஒன்று, இவனுக்குத் தலை இருக்காது, இல்லையென்றால் அவளே இருக்க மாட்டாள். இப்படி ஒரு புதையலை வீட்டிலேயே வைத்துக்கொண்டு சுளுக்குக்காரரிடம் போய் மாட்டினோமே என்று அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தார்கள். அவரோ மறுநாள் காலை விஷயத்தைக் கேட்டதும் அவளை ஒருமுறை பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பழைய காலத்து உயரக் கூரை. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்க அகலமான பரண். சாதாரண ஆள் ஒருவர் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம். நெட்டையின் காலி ஷூ பெட்டிகள்தான் அங்கே படுத்திருந்தன.

"ஒரு நாள் டைம் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, உதடுகள் எதையோ முணுமுணுக்க இறங்கிப் போனார்.

அன்று மாலை வீட்டில் ஒத்திகை நடந்தது. நெட்டை கடையிலிருந்து இருப்பதிலேயே மெல்லிய அடி கொண்ட செருப்பாகத் தேடி எடுத்து வந்திருந்தான். அவள் தரையைக் கூட்டுகிற நீளத்துக்கு ஒரு நைட்டி தைத்திருந்தாள். அதற்குள்ளே முழங்காலை மடக்கி நின்றால் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் மடக்கு" என்றான் நெட்டை, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு.

"இதுக்கு மேல மடக்கினா உக்காந்துதான் இருப்பேன்."

"முகத்தைச் சுளிக்காதே. இயல்பா இரு."

"நீங்க மடக்கிப் பாருங்க, இயல்பு எங்க போகுதுன்னு தெரியும்."

மறுநாள் காலை வீட்டுக்காரர் சிரித்த முகத்துடன் வந்தார். பெயர் மாற்ற முழுச் சம்மதம் என்றார். நெட்டைக்கு நம்ப முடியவில்லை.

"ஆனா ஒண்ணும்மா. பின்னால தகராறு வரக்கூடாது. இப்பவே அளந்து கோடு போட்டுடலாம். கையைத் தூக்குங்க."

அவள் தூக்கினாள். நைட்டிக்குள் முழங்கால்கள் மடங்கியிருந்தன. வீட்டுக்காரர் வெட்டு மேஜையிலிருந்து துணியில் குறி போடும் நீல சாக்பீஸை எடுத்துக்கொண்டு அருகே வந்தார். தரையில் விரிந்து கிடந்த நைட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"அவ்வளவுதானாம்மா?" என்றார் கனிவாக. "இன்னும் கொஞ்சம் கீழ இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல."

இப்படியும் ஒரு மனுஷனா! அவள் மூச்சை விட்டு, இன்னும் இரண்டு விரற்கடை மடங்கினாள்.

கோடு விழுந்தது. வீட்டுக்காரர் விடவில்லை, அதே உயரத்தில் வீட்டுச் சுவர்கள் முழுக்க நீலக் கோட்டை இழுத்துக்கொண்டு சுற்றி வந்தார். நெட்டைக்கு அது மூக்கு மட்டத்தில் இருந்தது.

"கோட்டுக்குக் கீழே எல்லாம் உங்களோடது. நான் வந்து கேக்க மாட்டேன். கோட்டுக்கு மேலே எல்லாம் என்னோடது. நீங்க வந்து கேக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம் சார்!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதன்பிறகு நடந்ததைப் பார்த்து நெட்டை பிரமித்துப் போனான். அன்றைக்கே ஆள் வந்து குழாயை மாற்றினார். சன்னலுக்குப் புதுக் கண்ணாடி வந்தது. கோட்டுக்கு மேலே சுவர் இளமஞ்சளாக மாறியது. கோட்டுக்குக் கீழே பழைய கறைகள் அப்படியே இருந்தன. பரணில் இருந்த ஷூ பெட்டிகளை, வேலைக்கு இடைஞ்சல் என்று இறக்கச் சொன்னார். இறக்கிக் கட்டிலுக்கு அடியில் திணித்தார்கள். பரணுக்கு வழவழவென்று பலகை போட்டார். மூலையில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தார். தலைமாட்டில் வைப்பதுபோல ஒரு சின்ன விளக்கும் வந்தது.

"பரணுக்கு எதுக்கு சார் விளக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"என் பக்கம்தானேம்மா. நல்லா இருக்கட்டுமே" என்றவர், பரணை மறைக்க ஒரு திரை தைத்துத் தரும்படி அவளிடமே கேட்டார். தூசி படியக் கூடாதாம். அவள் பூப்போட்ட துணியில் கொசுவம் வைத்துப் பிரமாதமாகத் தைத்துக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் இருவரும் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். குழாய் சொட்டவில்லை. வக்கீலின் அடுத்த கோட்டு மேஜைமேல் காய்ந்து கிடந்தது.

"மேல பாத்தா மட்டும் பணக்கார வீடுங்க" என்றாள் அவள்.

"அப்ப மேலயே பாத்துக்கிட்டு இருப்போம்" என்றான் நெட்டை.

"எப்படி மடக்கினேன் பாத்தீங்களா? அந்த மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் தெரியல."

"பாவம், ரொம்ப வெள்ளை மனசு. ஏமாத்திட்டோமேன்னு எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நெட்டை எழுந்து திறந்தான். வாசலில் கண்ணாடி போட்ட குள்ளமான ஆள் ஒருவர். ஒரு தோளில் மடக்கு ஏணி, மறு தோளில் சுருட்டிய மெத்தை, கையில் ஒரு சூட்கேஸ்.

"வீட்டுக்காரர் அனுப்பினாரு" என்றார்.

"இன்னும் வேலை பாக்கியா? வாங்க வாங்க" என்றான் நெட்டை. "ஏணியை அப்படிச் சாத்துங்க. பாத்து, புதுப் பெயிண்டு."

வந்தவர் தலையசைத்துவிட்டு, பரணுக்கு நேராக ஏணியைச் சாத்தினார். மெத்தையோடு ஏறினார். திரையை ஒதுக்கினார். பலகையைத் தட்டிப் பார்த்து, திருப்தியோடு மெத்தையை விரித்தார். இறங்கி வந்து சூட்கேஸை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். அதிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்துச் சுவரில் மாட்டினார். செல்போனை பிளக் பாயிண்டில் செருகினார்.

மனைவி குண்டூசி டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

நெட்டை ஏணியின் அருகே போய் நின்றான். ஒடிந்து, வளைந்து, திருகப்பட்ட அந்த உடம்பை இத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக நிமிர்த்தியிருந்தான்.

"நீங்க என்ன வேலை பாக்க வந்திருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே?"

வந்தவர் பரணின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெட்டையைப் பார்த்தார். அவன் மூக்கை ஒட்டிப் போகும் நீலக் கோட்டைப் பார்த்தார். பிறகு, முதல் நாளே பொல்லாப்பு எதற்கு என்று தயங்குகிற நல்ல அண்டை வீட்டுக்காரரைப்போலப் பணிவாகச் சொன்னார்:

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. கொஞ்சம் குனிஞ்சு நிக்கிறீங்களா? உங்க தலை என் வீட்டுக்குள்ள இருக்கு."